எண்ணெய் லாரியின் பலகை

திருச்சிராப்பள்ளியினின்று தெற்கே புறப்படும் நெடுஞ்சாலை மாத்தூர், கீரனூர் முதலிய ஊர்களைக் கடந்து, நார்த்தாமலைக் குன்றுகளை அருகே கண்டு, புதுக்கோட்டை நகரை அடைகின்றது. அங்கிருந்து ஒரு சாலை திருமயம் நோக்கியும், மற்றொரு சாலை அறந்தாங்கி வழியாகக் கடற்கரை நோக்கியும் பிரிகின்றன. இரவு பகல் என்னும் வேறுபாடின்றி இச்சாலைகளில் ஓடும் வண்டிகளுள் எண்ணெய் லாரிகளும் உள. 12,000 லிட்டரும் 20,000 லிட்டரும் கொள்ளத்தக்க தொட்டிகளில் அவை பெட்ரோலையும் டீசலையும் சுமந்துசென்று ஊர்தோறும் உள்ள பங்க்குகளை நிரப்புகின்றன. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் கடலேறுவது இவை கொண்டு சேர்க்கும் டீசலினாலேயே. இவற்றோடு, சமையல் எரிவாயு நிரம்பிய நீண்ட உருளைகளைச் சுமந்துசெல்லும் வண்டிகளையும் நாம் காண்கின்றோம்.

இவ்வண்டிகளின் இருமருங்கிலும் பின்புறத்திலும் கட்டங்கட்டமாகப் பிரிக்கப்பட்ட பலகை ஒன்று உண்டு. ரயில்வே கேட்டு மூடியிருக்கும்போது அப்பலகையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் மோட்டார் சைக்கிளில் காத்திருப்போர் பலர். அதனைப் படிப்போர் அரியர். கீரனூர்ப் பக்கத்துத் தேநீர்க் கடையொன்றில் அதன் பொருள் யாதென நாம் வினவியபொழுது, “அது கம்பெனி நம்பர், தம்பி” என்றார் ஒருவர். “வரி கட்டின நம்பராயிருக்கும்” என்றார் மற்றொருவர். நம் கல்லூரியிலேயே இக்கேள்வியை எழுப்பினால் இதனினும் சிறந்த விடை எத்தனை பேரிடத்துக் கிடைக்கும் என்பது ஐயத்திற்குரியது. வண்டி நலமாக ஓடும்வரையில் இவ்வறியாமையால் தீங்கில்லை. அது கவிழ்ந்து கிடக்கும்பொழுது, அப்பலகையைப் படிக்க வல்லவர் வந்து சேருமுன்னர், படிக்க வல்லரல்லாதவரே அதனருகில் நிற்பர். ஆதலின் அதன் பொருளை ஒருவாறு விளக்க ஈண்டு முற்படுகின்றோம்.

அபாயப் பொருள்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எல்லா நாட்டாரும் ஒப்புக்கொள்ளத்தக்க எண்ணும் குறியும் அமைக்கும் வேலையை ஐக்கிய நாடுகள் அமைப்பின் வல்லுநர் குழு ஒன்று மேற்கொண்டது. அதன் பரிந்துரைகள் முதன்முதல் 1956-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அடுத்த ஆண்டிலேயே ஐரோப்பிய நாடுகள் ஜெனீவா நகரில் கூடிச் சாலைவழிப் போக்குவரத்துக்கெனத் தனி உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 1989-இல் இயற்றப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 129 முதல் 137 வரையுள்ளவை இப்பொருள்பற்றியன. அவற்றுள் 134-ஆம் விதி கூறும் ‘அவசரத் தகவல் பலகை’யே நாம் லாரியிற் காண்பது.

அப்பலகையில் ஏற்றப்பட்டுள்ள பொருளின் சரியான பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்துக்களிலும், அதற்குரிய ஐக்கிய நாடுகளின் எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இலக்கங்களிலும் எழுதப்படல் வேண்டும். பொருளின் வகையைக் காட்டும் சாய்சதுரச் சின்னம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாத பக்க அளவுடையதாதல் வேண்டும். விபத்து நேரின் எவரைக் கூப்பிடுவது என்னும் செய்தியும் தொலைபேசி எண்ணும் அதிலேயே இடம்பெறல் வேண்டும். மூன்று பக்கத்தும் இதனை அமைக்கச் சொன்னதன் பயன், கவிழ்ந்த வண்டியை நினைத்தால் விளங்கும். ஒரு பக்கம் மண்ணில் அழுந்தும். மறுபக்கம் வானை நோக்கும். பின்புறத்துப் பலகையே நிற்பவர் கண்ணுக்கு எஞ்சும்.

பெயரும் எண்ணும் ஒரே பொருளைச் சுட்டுவனவேனும், எண்ணுக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. பெயர் மொழிதோறும் மாறும், எண் மாறாது. 1203 என்றால் பெட்ரோல். 1202 என்றால் டீசல். மண்ணெண்ணெய்க்கு 1223, சமையல் எரிவாயுவுக்கு 1075. ஜப்பானியர் ஒருவரும் நம் ஊரினர் ஒருவரும் பேச்சால் ஒருவரையொருவர் அறியாராயினும், இந்நான்கு இலக்கங்களை மணலில் எழுதிக் காட்டினால் இருவரும் ஒரே பொருளை உணர்வர். தொலைபேசியிற் பேசுவோர்க்கும் இது பெருந்துணை. பதற்றத்தில் ‘ஏதோ எண்ணெய்’ என்று சொல்வதற்கும் ‘ஆயிரத்து இருநூற்று மூன்று’ என்று சொல்வதற்கும் உள்ள வேற்றுமையைத் தீயணைப்பு நிலையத்தில் இருப்பவர் நன்கறிவர்.

சாய்சதுரச் சின்னத்தில் நம்மை ஏமாற்றத்தக்க ஒரு நுட்பம் உளது. பெட்ரோல் லாரியிலும் சிவப்புச் சதுரம். அதன் மேற்புறத்தில் சுடர். எரிவாயு லாரியிலும் சிவப்புச் சதுரம். அதன் மேற்புறத்தில் அதே சுடர். இரண்டையும் ஒன்றென்று கருதுவோர் சதுரத்தின் கீழ்முனையில் உள்ள சிற்றிலக்கத்தைப் பார்த்தல் வேண்டும். 3 என்றிருந்தால் தீப்பற்றும் திரவம்; 2 என்றிருந்தால் வாயு. திரவம் பள்ளம் நோக்கி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். வாயுவோ வெளிவந்தவுடன் இருநூற்றைம்பது மடங்கிற்குமேல் பெருகிக் காற்றினும் கனமானதாய்த் தரையோடு தவழ்ந்து, தொலைவிலுள்ள அடுப்பொன்றைத் தேடிச் செல்லும். இயல்பாக அதற்கு மணம் இல்லை. கசிவை அறிதற்பொருட்டே நாறும் மருந்தொன்றை அதிற் சேர்க்கின்றனர்.

வழக்கத்தில் இப்பலகையில் இன்னொரு கட்டமும் காணப்படும். பெட்ரோல் லாரியில் அது ‘3 ஒய் ஈ’ என்றிருக்கும். இதற்கு ‘ஹாஸ்கெம்’ குறி என்று பெயர். லண்டன் நகரத்துத் தீயணைப்புப் படையினர் 1970-ஆம் ஆண்டுகளில் தம் தேவைக்கென வகுத்தது இது. பின்னர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பரவியது. பொருள் யாது என்பதைக் கூறாமல், செய்ய வேண்டுவது யாது என்பதை மட்டும் இது கூறும். தமிழ் பயில்வோர்க்கு இது ஒரு சூத்திரம் போலத் தோன்றும். மூன்றே எழுத்தில் அடங்கிய சூத்திரம். ஆகவே நமக்குப் பழக்கமான முறையிலேயே இதற்கு உரை காண்பாம்.

முதலில் நிற்கும் இலக்கம் தீயை எதிர்க்கும் கருவியைக் கூறும். 1 எனின் நீரைப் பெருந்தாரையாகவோ பெருந்துளியாகவோ வீசுக. 2 எனின் நீரை நுண்டுளியாகத் தூவுக. 3 எனின் நுரை கொண்டு மூடுக. 4 எனின் உலர்ந்த பொருளையே பயன்படுத்துக, நீர் படலாகாது. பெட்ரோலுக்கு 3 ஏன் எனின், பெட்ரோல் நீரினும் இலேசானது. எரியும் பெட்ரோலின்மேல் நீரைக் கொட்டினால், நீர் அடியிற் செல்ல, பெட்ரோல் அதன்மேல் மிதந்து எரிந்துகொண்டே பரவும். குடத்து நீரோடு ஓடிவரும் நல்லெண்ணமுடையோர் தீயை அடுத்த வீட்டிற்குக் கொண்டுசேர்ப்பவராய் முடிவர். எரிவாயுவின் குறியோ 2 என்று தொடங்கும். அதற்கு நுண்டுளி நீர் வேண்டும். அது வாயுவைக் கலைத்துத் தொட்டியையும் குளிர்விக்கும்.

இடையில் நிற்கும் எழுத்து ஒருங்கே மூன்று செய்திகளைச் சொல்லும். ‘ஒய்’ என்பதன் பொருளாவது: இப்பொருள் கடுமையாக வினைபுரியவோ வெடிக்கவோ கூடும், அருகிற் செல்வோர் மூச்சுக் கருவி அணிதல் வேண்டும், சிந்தியதை ஓடவிடாது தடுத்து நிறுத்தல் வேண்டும். ஆங்கில நெடுங்கணக்கின் இறுதியிலுள்ள டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகிய நான்கும் ‘தடுத்து நிறுத்துக’ என்னும் கட்டளை உடையன. பி, ஆர், எஸ், டி என்பன நீரால் நெகிழ்த்துக் கழுவிவிடலாம் என்பன.

தடுத்து நிறுத்துக என்னும் இக்கட்டளையை லண்டன் நகரத்தார் தம் சாக்கடைகளை நினைந்து வகுத்திருத்தல் கூடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் அது கண்மாய்களை நினைந்து வகுத்ததுபோலவே பொருந்துகின்றது. ஆறு பெரிதும் இல்லாத இம்மாவட்டம் ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பி வாழ்வது. சாலையோரத்துப் பள்ளம் பெரும்பாலும் ஏதேனும் ஒரு கண்மாயின் வரத்துவாரியாகவே இருக்கும். அதில் இறங்கிய டீசல் நீரின்மேற் படலமாய்ப் படர்ந்து, மீனுக்கும் பயிருக்கும் மாட்டுக்கும் கேடு விளைக்கும். மண்ணையோ மணலையோ கொண்டு வாரியின் குறுக்கே சிறு கரை எழுப்புதல் தொலைவிலிருந்தே செய்யத்தக்க வேலை. இதற்கு ஊராரினும் வல்லவர் இலர். நீர் எவ்வழி ஓடும் என்பதைத் தீயணைப்புப் படையினரினும் அவரே நன்கறிவர்.

இறுதியில் நிற்கும் ‘ஈ’ என்பது பொதுமக்களை அவ்விடத்தினின்று அகற்றுவதுபற்றி ஆராய்க என்பது. எவ்வளவு தொலைவுக்கு அகற்றுவது? அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய நாடுகள் சேர்ந்து வெளியிடும் கைந்நூல், பெட்ரோல் லாரி தீப்பற்றினால் எத்திசையிலும் 800 மீட்டரும், எரிவாயு லாரி தீப்பற்றினால் 1,600 மீட்டரும் விலகச் சொல்கின்றது. நம்மவர் வேடிக்கை பார்க்க நிற்கும் தொலைவு எவ்வளவு என்பதை நேயர்களே அறிவர்.

இவ்வாறு எழுத்தொவ்வொன்றும் ஒரு வேலையைச் சுமந்து நிற்கும் முறை நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. குடுமியான்மலைக் குன்றிற் பொறிக்கப்பட்ட இசைக் கல்வெட்டில் காண்பன சொற்களல்ல, சுரங்களின் குறிகள். இசை வல்லார் அதனைக் கண்டால் பண்ணைக் கேட்பர். ஏனையோர் எழுத்தையே காண்பர். கல்வெட்டைப் படியாதவன் இழப்பது ஒரு பண்ணை. லாரிப் பலகையின் நிலை வேறு.

பலகையன்றித் தொட்டியின்மீதே பெரிய எழுத்துக்களில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஆங்கிலத்தில் ‘இன்’ என்னும் முன்னொட்டு எதிர்மறைப் பொருளில் வருதல் மிகுதி. அதனால் அரைகுறையாக ஆங்கிலம் கற்றவன் இச்சொல்லைத் ‘தீப்பற்றாதது’ என்று பொருள்கொள்ள இடமுண்டு. உண்மையில் அம்முன்னொட்டு ‘உள்ளே’ என்னும் பொருளுடைய லத்தீன் மொழியினின்று வந்தது, எதிர்மறையன்று. ‘அநியாயம்’ என்பதில் அகரம் எதிர்மறையாதல் கண்டு, ‘அனுபவம்’ என்பதையும் எதிர்மறையாகக் கொள்வது எத்தகையதோ அத்தகையது இப்பிழை. அமெரிக்காவில் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-ஆம் ஆண்டுகளிலேயே இக்குழப்பத்தை உணர்ந்து, ‘இன்’ இல்லாத வடிவத்தையே வழங்குமாறு வற்புறுத்தலாயினர். நம் லாரிகளில் பழைய வடிவம் இன்றும் ஓடுகின்றது.

ஆங்கிலம் வல்ல நாட்டினரே இடறும் இடத்தில் நம் சாலையோரத்து மக்கள் நிலை யாதாகும்? அபாயப் பொருள் ஏற்றிய வண்டியை ஓட்டுவோர் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள இந்திய மொழிகளுள் ஒன்றையும் ஆங்கிலத்தையும் எழுதப் படிக்க வல்லராதல் வேண்டும் என்று மேற்கூறிய விதிகளுள் 9-ஆவது விதிக்கின்றது. டிரைவரின் அறையில் ‘டிரெம் கார்டு’ எனப்படும் விளக்கச் சீட்டும் இருத்தல் வேண்டும். இவை தக்கனவே. ஆனால் விபத்தில் முதலில் அடிபடுபவர் டிரைவர். சீட்டு கிடப்பது நசுங்கிய அறைக்குள். எஞ்சியிருப்பது பலகையும் ஊராருமே. நாம் பார்த்தவரையில் பலகையில் உள்ளவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கள். ‘பெட்ரோல்’ என்பது தமிழில் நான்கே எழுத்து. ‘தீப்பற்றும், விலகி நில்’ என்று சேர்த்தாலும் ஒரு வரியைக் கடவாது. தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கேனும் இவ்வொரு வரியை வேண்டுவது மொழிப்பற்றுக் காரணமாக மட்டும் அன்று.

2017-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் நாள் பாகிஸ்தானத்தில் பகவல்பூர் மாவட்டத்து நெடுஞ்சாலையில் பெட்ரோல் லாரியொன்று கவிழ்ந்தது. அண்டையிலுள்ள சிற்றூர்களினின்று ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் குடமும் வாளியும் புட்டியும் ஏந்தி ஓடிவந்தனர். வயலில் வழிந்தோடிய பெட்ரோலை அவர்கள் மொண்டுகொண்டிருக்கையில் அது தீப்பற்றியது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைப் பேராசைக்காரர் என்று தூற்றுவது எளிது. நாம் அதற்கு உடன்படோம். சிந்தி வீணாகும் பொருளை வறியோன் அள்ளிக்கொள்வது உலகத்தியற்கை. அந்நிலத்தில் நிற்பது திறந்த அடுப்பில் நிற்பதற்கு ஒப்பாகும் என்று அவர்க்கு அவர் மொழியில் முன்னரே சொல்லியிருந்தவர் எவர்?

நம் பக்கத்தும் துயரம் இல்லாமலில்லை. கேரளத்தில் கண்ணூரை அடுத்த சாலா என்னும் இடத்தில் 2012-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் நாள் இரவு எரிவாயு லாரி கவிழ்ந்து, வாயு வீடுகளை நோக்கிப் படர்ந்து வெடித்ததில் 20 பேர் உயிரிழந்தனர். இதற்கு மாறாக, 2025-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் விடியற்காலையில் கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில், கொச்சியினின்று 18 டன் எரிவாயு ஏற்றிவந்த லாரியின் தொட்டி வண்டியினின்று பிரிந்து கவிழ்ந்து கசியத் தொடங்கியது. தீயணைப்புப் படையினர் இடைவிடாது நீரைத் தூவினர். போக்குவரத்து நிறுத்தப்பட்டது, சுற்றியுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பின்னர்க் கிரேன்களால் தொட்டியை நிமிர்த்தி அகற்றினர். ஓர் உயிரும் போகவில்லை. ‘2’ என்னும் இலக்கமும் ‘ஈ’ என்னும் எழுத்தும் கட்டளையிடுவது எதுவோ அதுவே அன்று கோவையில் செயலாகக் காணப்பட்டது.

ஆகவே கவிழ்ந்த லாரியைக் காண்பவர் செய்யத்தக்கது சிறிதே. காற்று வரும் திசையில், மேட்டுப் பக்கமாக, விலகிச் செல்லல் வேண்டும். பீடி, சிகரெட்டை அணைப்பதோடு மோட்டார் சைக்கிளையும் கிளப்பாது தள்ளிக்கொண்டே போதல் வேண்டும். அதன் எஞ்சினில் எழும் பொறி ஒன்றே போதும். தொலைவிற்குச் சென்றபின் 101 அல்லது 112-ஐக் கூப்பிட்டு, இடத்தையும் பலகையிலுள்ள நான்கிலக்க எண்ணையும் சொல்லல் வேண்டும். எரிவாயுக் கசிவாயின் 1906 என்னும் எண்ணும் உண்டு. எண்ணைப் படிப்பதற்காக அருகே செல்ல வேண்டுவதில்லை. நூறு மில்லிமீட்டர் உயரம் விதித்ததே தொலைவிலிருந்து படிக்கும்பொருட்டு. கைபேசியிலுள்ள படக்கருவி கண்ணினும் தொலைவு காணும்.

டீசலைப்பற்றி நம்மவரிடையே ஒரு தவறான துணிவு நிலவுகின்றது. டீசலில் தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துவிடும் என்பர். ஒரு திரவத்தின் ஆவி பொறி பட்டவுடன் பற்றிக்கொள்ளத்தக்க மிகக் குறைந்த வெப்பநிலை பெட்ரோலுக்குப் பனிக்கட்டியின் குளிரினும் நாற்பது பாகை கீழே உள்ளது. டீசலுக்கு இந்தியத் தரநிலை விதிக்கும் குறைந்த அளவு 35 பாகை சென்டிகிரேடு. மார்கழியின் விடியலில் அத்துணிவு ஓரளவு பலிக்கலாம். அக்கினி நட்சத்திர நாளில், புதுக்கோட்டைத் தார்ச்சாலையில் நண்பகலில் சிந்திய டீசல் எத்தனை பாகைச் சூட்டில் கிடக்கும்? சிவப்புச் சதுரமும் 3 என்னும் இலக்கமும் 1202-க்கும் உரியனவாதல் இதனாலேயே.

வெறுந்தொட்டியைப்பற்றிய துணிவு இதனினும் பெரிது. பெட்ரோலை இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் திரவம் இல்லை, ஆவி நிரம்பியிருக்கின்றது. காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை பெட்ரோல் ஆவி கலந்திருந்தால் அது பற்றும். நிறைந்த தொட்டியின் உள்ளே அக்கலவைக்கு இடமே குறைவு; ஒழிந்த தொட்டியிலோ இடம் மிகுதி. கழுவித் தூய்மை செய்யப்படாத வெறுந்தொட்டியும் பலகையோடேயே செல்லல் வேண்டும் என்று ஐரோப்பிய உடன்படிக்கை கூறுவதன் காரணம் இதுவே. அவ்வுடன்படிக்கை நாடுகளில் ஹாஸ்கெம் குறிக்கு மாறாகச் செம்மஞ்சள் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும்; பெட்ரோலுக்கு மேலே 33, கீழே 1203. டீசலுக்கு மேலே 30. தீப்பற்றும் திரவத்தைக் குறிக்கும் 3 இரட்டித்து வந்தால் அபாயம் மிகும் என்பது அவர் மரபு. அச்சத்திலும் விரைவிலும் சொல் அடுக்கி வரும் என்று நம் இலக்கணம் கூறும் அடுக்குத்தொடரை இது நினைப்பூட்டுகின்றது.

இனி, பலகையில் அண்மையில் நேர்ந்துள்ள ஒரு சிக்கலையும் குறித்தல் தகும். 1203 என்பது நூற்றுக்குப் பத்துப் பங்குவரை எத்தனால் கலந்த பெட்ரோலுக்கே உரியது. அதற்கு மேற்பட்ட கலவைக்கு ஐக்கிய நாடுகளின் பட்டியலில் 3475 என்னும் வேறெண் உளது. நம் நாட்டிலோ 2025-ஆம் ஆண்டில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் நிலை எய்தப்பட்டுள்ளது. எத்தனால் சாராய இனத்தது, நீரோடு கலக்கும், நுரையிலுள்ள நீரை உறிஞ்சி நுரைப் படலத்தைச் சிதைத்துவிடும். ஆதலின் இதற்குச் சாராயத்தைத் தாங்கும் தனிவகை நுரை வேண்டும். அதனை உணர்த்தும்பொருட்டு ஹாஸ்கெம் குறியில் 3 என்னும் இலக்கத்தின்முன் ஒரு புள்ளி வைக்கின்றனர். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியைக் காட்டிலும் பெரிதன்று அது. அந்தப் புள்ளியும் 3475 என்னும் எண்ணும் நம் சாலையில் ஓடும் லாரிகளுள் எவ்வெவற்றில் ஏறியுள்ளன என்பதை, அடுத்த முறை ரயில்வே கேட்டில் நிற்கும்பொழுது நேயர்கள் பார்த்துக்கொள்ளலாம்.